அக்கா தேடிய ஸ்டாட்டர்

“அது இல்லீங்க, அதுக்குப் பதிலா இது இருக்கு” என்று ஹட்டன் பஸாரில் எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அக்கா மறுபேச்சுப் பேசமாட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிடுவார். “ரெண்டும் ஒரே சாமான்தாங்க, பேருதான் வேற” என்று பின்னால் ஓடிவந்து விளக்கம் சொன்னவர்களும் உண்டு. “ஒரே சாமான்னா நான் கேட்டதையே குடுத்திருப்பீங்களே” என்பார். குரலில் கோபம் இருக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்தபோது, டிக்கோயா போகும் வீதியில் இருந்த அவர் வீட்டு மாடி அறைதான் எனக்குக் கிடைத்தது. அறைக்கு நீலக் கர்ட்டன் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் நினைத்த நீலம் எந்தக் கடையிலும் இல்லை. பச்சை இருந்தது, பூப்போட்டது இருந்தது. எதையும் வாங்கவில்லை. நான் ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிக்கொண்டு உடை மாற்றினேன். மாடிப்படியில் என்னைக் காணும்போதெல்லாம், “சொல்லி வச்சிருக்கேன் டீச்சர். வந்துரும்” என்பார். வந்தது. ஆனால் அதற்குள் நான் பேப்பருக்குப் பழகிப்போயிருந்தேன்.

அவருடைய கல்யாணமும் அந்த மாதிரிதான் நடந்ததாகச் சொல்வார்கள். அப்பாவுக்குப் பஸாரில் துணிக்கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். அக்கா மனதில் வைத்திருந்ததோ டிக்கோயாவில் ஒரு தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, லொறி என்ஜின் பழுது பார்க்கிற சேவியரை. அப்பா கம்பளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் மாப்பிள்ளைகளாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

“இந்தப் பையனும் நல்ல பையந்தானம்மா?”

“நல்ல பையந்தாம்ப்பா. ஆனா இவரு அவரு இல்லயே.”

வருஷக்கணக்கில் இந்த ஒரே பதில். கடைசியில் அப்பாதான் அலுத்துப்போனார். கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா கோயிலுக்குப் போனார், சேவியர் அண்ணன் சர்ச்சுக்குப் போனார். ஒருவரை ஒருவர் மாற்ற நினைத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குக் கீழே தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்புக் கார் இருந்தது.

பழைய ஜப்பான் கார். வெளியே பார்த்தால் சாதாரணமாக இருக்கும். உள்ளே கூண்டு மாதிரி இரும்புக் குழாய்கள். கார் புரண்டாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க. ஒரே ஒரு சீட். நுவரெலியாப் பக்கத்தில் ஏப்ரல் சீசனுக்கு நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயங்களுக்காக அண்ணன் அதைக் கட்டினார். அக்கா ஓட்டினார். அப்பாவின் கடை வேனில் பழகிய ஓட்டம். குள்ளமான உருவம் என்பதால் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வார். ஹெல்மட் போட்டால் முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண் யாரையும் பார்க்காது.

அந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன் பிஸ்டனை மாற்றி, உள்ளே போகும் காற்றையும் பெற்றோலையும் இன்னும் அதிகமாக நெருக்கிப் பிழிகிற மாதிரி செய்திருந்தார். அதனால்தான் வேகம். ஆனால் அப்படி இறுகிப்போன என்ஜினை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது ஸ்டாட்டரின் வேலை. பழைய ஸ்டாட்டருக்கு அவ்வளவு தெம்பு இல்லை. போதாததற்கு அண்ணன் புதிதாகப் போட்ட புகைக்குழாய்கள் அதன் முதுகை ஒட்டியே இறங்கின. காலையில் குளிர்ந்த என்ஜின் ஒரே தட்டில் எடுக்கும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால், சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆறும்வரை அது அசையாது.

நான் வந்த வருஷம் அவர்களோடு பந்தயத்துக்குப் போயிருந்தேன், சோற்றுப் பார்சல்களைச் சுமந்துகொண்டு. முதல் ஓட்டத்தில் அக்காவுக்கு நல்ல நேரம் கிடைத்தது. இரண்டாவது ஓட்டத்துக்கு வெயிலில் வரிசையில் நின்றபோது முன்னால் ஏதோ தாமதம். என்ஜினை நிறுத்தினார். முறை வந்தபோது எடுக்கவில்லை. ‘டக்’, மறுபடி ‘டக்’. மூன்று பேர் தள்ளுவதற்கு ஓடிவந்தார்கள். அக்கா ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

“தள்ளி எடுத்தா ஓடுமே!” என்று அண்ணன் கத்தினார்.

“ஓடுந்தாங்க. ஆனா நாம கட்டுன காரு அது இல்லயே.”

அண்ணன் தலையில் கை வைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய காரை, மூன்று பேர் கை வைத்தால் ஓடக்கூடியதை, இப்படி ஓரமாக நிறுத்திவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறாரே என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஸ்டாட்டர் தேடல் தொடங்கியது. ஹட்டனில் வயரிங் வேலை செய்யும் சுனில் பாஸ் இரண்டு வழி சொன்னார். பழையதையே புதுக் கம்பி சுற்றிப் போடுவது. அதை ஏற்கெனவே இரண்டு தடவை செய்தாயிற்று, சூடானால் அதே கதைதான். இரண்டாவது, டீசல் வேன் ஒன்றின் ஸ்டாட்டரைப் போடுவது.

“யானை மாதிரி சுத்துங் நோனா. கொஞ்சம் அரைச்சி, ஓட்டை தள்ளிப் போட்டா செட் ஆகும்” என்றார் பாஸ். சிங்களவர்; பஸாரில் பழகிய தமிழ். அக்காவை ‘நோனா’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்.

அக்கா வேன் ஸ்டாட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன இரும்புப் பல்சக்கரத்தை எடுத்தார். பழைய ஸ்டாட்டரின் முனையில் இருந்தது; கம்பி சுற்றியபோது அதற்குப் புதியது போட்டுவிட்டு இதை எடுத்து வைத்திருந்தார். ஸ்டாட்டர் சுற்றும்போது முன்னால் பாய்ந்து, என்ஜினின் பெரிய பல்வளையத்தைக் கவ்விப்பிடிக்கும் சக்கரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“பல்லு வெட்டு வேற பாஸ். இன்னிக்கிச் சுத்தும். போகப் போக என்ஜின் பல்லத் தின்னுரும். உடம்பும் பெரிசு, புகைக்குழாய்ல முட்டும்.”

“தின்னா அப்ப பாக்கலாந்தானே?”

“தின்னுரும்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிப் போடுறது?”

அவருக்கு வேண்டியது வேறு ஒரு வகை. உள்ளுக்குள்ளேயே சின்னப் பல்சக்கரங்கள் வைத்து, வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிற ஸ்டாட்டர். அளவில் பழையதில் பாதிதான் இருக்கும். உடம்பைத் திருப்பி, புகைக்குழாயை விட்டு விலக்கி மாட்டலாம். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருந்தார். அதிலும் எல்லாம் பொருந்தாது. பல் பொருந்த வேண்டும், முன்னால் பாயும் தூரம் பொருந்த வேண்டும், சுற்றும் திசை பொருந்த வேண்டும். கண்டிக்குப் போனாலும் கொழும்பில் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் அந்தக் கைக்குட்டையைப் பிரித்து, கடைக்காரர் எடுத்து வைப்பதன் மேல் பல்சக்கரத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு மடித்து உள்ளே வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க ஒருவர் சம்மதித்தார். அந்த நேரம்தான் நாட்டில் டொலர் இல்லாமல் போய், சாமான் வருவதே நின்றுபோனது.

அந்த வருஷத்தை இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெற்றோல் ஷெட்டில் நாள்கணக்கில் வரிசை. காஸ் இல்லை, பால்மா இல்லை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைத்தெரு முழுவதும் ‘அதுக்குப் பதிலா இது’தான். காஸுக்குப் பதில் விறகு. பால் டீக்குப் பதில் பிளேன்டி, சீனிக்குப் பதில் ஒரு துண்டுக் கருப்பட்டி. எல்லோரும் அப்படித்தான் நாளை ஓட்டினோம். அக்கா மட்டும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். பால் இல்லையென்றால் டீயே வேண்டாம். அவர் சமைக்கிற அரிசி இல்லையென்றால் அன்றைக்குச் சோறே இல்லை. மெலிந்துகொண்டே போனார். எனக்கு அவர்மேல் பிரியம் இருந்த அளவுக்கு எரிச்சலும் வந்தது.

அதே வருஷத்தில்தான் சேவியர் அண்ணனின் கால்கள் வீங்கத் தொடங்கின. இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் நுவரெலியாவுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் காரை வைத்தியச் செலவுக்கு விற்றார்கள். சிவப்புக் காரை வாங்க ஆள் இல்லை. ஒற்றைச் சீட்டும் இரும்புக் கூண்டுமாக இருந்த காரை யார் வாங்குவார்கள்? பஸ் எப்போது வரும், வராது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கழற்றி வைத்திருந்த பக்கத்துச் சீட்டைத் திரும்பப் பூட்டினார்கள். பந்தயக் கார் ஆஸ்பத்திரிக் கார் ஆனது.

பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் துணைக்குப் போனேன். பின்னால் இரும்புக் குழாய்களுக்கு நடுவே, மடித்த போர்வைமேல் உட்கார்ந்துகொள்வேன். தலவாக்கலை தாண்டி ஏற்றம் ஏறும்போது காரின் சத்தத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலர் கை காட்டுவார்கள். பந்தயத்துக்குப் பயிற்சி என்று நினைத்திருப்பார்கள். அக்கா பார்வையை வீதியிலிருந்து எடுக்கமாட்டார். வீட்டில் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில்தான் என்ஜினை நிறுத்துவார். அண்ணன் உள்ளே இருக்கும் நேரத்தில் என்ஜின் ஆறிவிடும், திரும்பும்போது எடுக்கும். நடுவில் எங்கேயும் நிறுத்த முடியாது. வழியில் தாமதமானால் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நிற்க, வாரத்துக்குக் கிடைக்கிற பெற்றோல் போதாது.

“வேன் ஸ்டாட்டரப் போட்டுரும்மா” என்று அண்ணன் ஒருநாள் சொன்னார். அதற்குள் அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

“சரியானது வந்துருங்க. கண்டியில சொல்லி வச்சிருக்கேன்.”

“வர்றப்ப மாத்திக்கிட்டாப் போச்சு.”

“பல்லத் தின்னுட்டா? நடுவழியில என்ஜினே நின்னு போச்சுன்னா உங்கள நான் எதுல கொண்டு போவேன்?”

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மழை தொடங்கியது. பெற்றோல் கிடைக்காமல் ஒரு முறை போக முடியவில்லை. அடுத்த முறைக்குள் அண்ணனின் முகம் ஊதிப்போய், படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினார். அன்று காலையில் அவரைக் காருக்குள் ஏற்றும்போது செருப்பு காலில் நுழையவில்லை. அக்கா செருப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினார்.

லிந்துலை தாண்டி ஏற்றத்தில் மண்சரிவு. பாதி வீதியை மூடிச் சிவப்பு மண்ணும் தேயிலைச் செடிகளுமாகக் கிடந்தன. மண்ணள்ளும் மெஷின் வேலை செய்துகொண்டிருந்தது. பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். எவ்வளவு நேரமாகும் என்று அக்கா சிங்களத்தில் கேட்டதற்கு, அவர் மேலே மலையைக் காட்டினார். இன்னும் மண் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி வந்து ஒட்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் வாகனங்கள்.

அக்கா என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். பெற்றோல் முள் இறங்குவதை மூன்று பேரும் பார்த்தோம்.

“நிப்பாட்டும்மா” என்றார் அண்ணன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “இப்படியே எரிஞ்சா நானுஓயாகூடப் போய்ச் சேராது.”

“நிப்பாட்டுனா எடுக்காதுங்க.”

“மழையில குளுந்துரும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கும் யாரிடமும் யோசனை கேட்காதவர். நான் சரியென்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் சாவியைத் திருப்பினார். திடீரென்று மழைச் சத்தமும் அண்ணனின் மூச்சுச் சத்தமும் மட்டும் கேட்டன.

ஒருவழியாக ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். முன்னால் நின்றவை போயின. அக்கா சாவியைத் திருப்பினார்.

‘டக்.’

மறுபடியும். மறுபடியும். பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. அக்கா கதவைத் திறந்து இறங்கி, கழுத்திலிருந்த சால்வையை வீதியோரக் கானில் ஓடிய மழைத்தண்ணீரில் முக்கினார். சேற்றில் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். சூடான இரும்பில் தண்ணீர் பட்டுச் சீறுகிற சத்தம் கேட்டது. கூடவே அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்து, பாதியில் அடங்கியது. வெளியே வந்தபோது வலது முன்னங்கையில் தோல் வெந்து உரிந்திருந்தது. அதே கையால் சாவியைத் திருப்பினார்.

‘டக்.’

லொறிக்காரரும் இன்னும் சிலரும் தள்ள வந்தார்கள். அக்கா அவர்களைத் தடுக்கவில்லை. அவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஏற்றத்தில் கார் ஓட்டம் பிடிக்கவில்லை. ஓர் அடிகூட முழுதாக நகரவில்லை. பின்னுக்கு உருட்டி எடுக்கலாம் என்றால் முட்ட முட்ட வாகனங்கள். திரும்ப எப்போது மண் இறங்குமோ என்று பொலிஸ்காரர் கத்தினார். காரைக் கான் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, வரிசையை விட்டார்கள். வாகனங்கள் எங்களைத் தாண்டி ஒவ்வொன்றாகப் போயின.

அக்கா வீதி நடுவில் போய் நின்றார். வந்துகொண்டிருந்த ஒரு கொழுந்து லொறிக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்து.

“அண்ணே, எங்க வூட்டுக்காரருங்க. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கி. மூச்சு விட முடியலங்க அவரால. எங்கயாச்சும் ஏத்திக்கோங்க. பின்னாலகூடப் பரவாயில்ல. எங்கயாச்சும்.”

லொறிக்காரர் தன் பக்கத்தில் இருந்தவரைப் பின்னால் கொழுந்துச் சாக்குகள்மேல் அனுப்பிவிட்டு அண்ணனை முன்னால் ஏற்றினார். நானும் அவரோடு ஏறினேன். அக்கா காரிலிருந்த செருப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். லொறி வளைவில் திரும்பும்போது பார்த்தேன். மழையில் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கையை ஒரு பக்கமாக விலக்கிப் பிடித்தபடி.

அண்ணனை அன்று காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முடியாது என்று தாதி ஒருவர் என்னிடம் சொன்னார். வாகனங்கள் எல்லாம் போன பிறகு காரைப் பின்னுக்கு உருளவிட்டு, ரிவர்ஸ் கியரில் உதைத்து எடுத்திருக்கிறார் அக்கா. உடம்பெல்லாம் சேறாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

“மெஷின்ல போட்டுட்டாங்களா டீச்சர்?”

“போட்டுட்டாங்கக்கா. நல்லாருக்காரு.”

சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்தார். கைக்கு மருந்து போட வாருங்கள் என்றேன், வந்தார். குடியுங்கள் என்று சீனியில்லாத பிளேன்டியைக் கொடுத்தேன், குடித்தார்.

மறுநாள் காலையில் சுனில் பாஸிடம் போனோம்.

“பாஸ், அந்த வேன் ஸ்டாட்டர் இருக்கா?”

“அது வேணாங் சொன்னதுதானே நோனா?”

“எது இருக்கோ அதப் போடுங்க.”

பாஸ் என்னைப் பார்த்தார். ஏதோ பகடி சொல்ல வாயெடுத்தவர், அக்காவின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

புகைக்குழாயைத் தட்டி ஒதுக்கி மாட்டிய வேன் ஸ்டாட்டர் வேலை செய்தது. சூட்டிலும் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் இரும்பை இரும்பு கடிக்கிற ஒரு சத்தம் வரும். முதல் சில வாரங்கள் அந்தச் சத்தத்துக்கு அக்காவின் தோள் தூக்கிப்போடும். பிறகு தூக்கிப்போடவில்லை. அண்ணன் ஒரு முறையும் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வீக்கம் வடிந்தது. பேச்சுத் தெளிந்தது.

அக்காதான் வேறு ஆளாகிவிட்டார். கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கினார். மாத்திரைக் கடையில் வேறு கம்பெனி மருந்து என்றால் தலையாட்டினார். ஒருநாள் அவருடைய சட்டையைத் தைத்தவர் அளவு மாறித் தைத்துவிட்டார். தோளில் தொங்குகிற அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். “திருப்பிக் குடுத்திருக்கலாமேக்கா” என்றதற்கு, “போட்டுக்கிட்டா என்னா, ஒடம்ப மூடுதுல்ல” என்றார். பஸாரில் அவரைத் தெரிந்தவர்கள், அக்கா இப்போது தங்கமாகிவிட்டார் என்றார்கள். எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் அவர் நடமாடுவார், சமைப்பார், ஓட்டுவார். எதைக் கேட்டாலும் “சரி.” சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

“அவள இப்படிப் பாக்க முடியல டீச்சர்” என்றார் அண்ணன் ஒருநாள், அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம். “ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேங்கிறா. என்னயக் காப்பாத்திட்டு அவ போயிட்டா.”

பிறகு அலுமாரியைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய அந்தப் பல்சக்கரத்தை எடுத்து என் கையில் வைத்தார். அக்கா அதைக் கைப்பையிலிருந்து எடுத்து அங்கே போட்டுவிட்டிருந்தார். “நீங்க கண்டிப் பக்கம் போவீங்கள்ல. கொஞ்சம் கேட்டுப் பாருங்க.”

அப்போது சாமான்கள் மெல்ல வரத் தொடங்கியிருந்தன. பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவரைக் கண்டியில் பிடித்தேன். அவர் வேறு இருவரிடம் அனுப்பினார். பார்த்தவற்றில் இரண்டுக்குப் பல் வேறு, ஒன்றுக்குச் சுற்றும் திசை வேறு. “அதுக்குப் பதிலா இதக் கொண்டு போங்க மிஸ், கொஞ்சம் அரைச்சாச் சரி” என்று ஒருவர் சொன்னபோது நான் எதுவும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பள்ளி விடுமுறைகள் எல்லாம் இப்படிப் போயின. கடைசியில் கிடைத்தது. உள்ளங்கை இரண்டில் அடங்குகிற சின்ன ஸ்டாட்டர். பல்லோடு பல் வைத்துப் பார்த்தேன். சீப்பும் சீப்பும் மாதிரி இறங்கியது.

சேவியர் அண்ணன் அதற்கு அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார், அந்த நோயாலேயே, ஆஸ்பத்திரிக் கட்டிலில், அக்கா பக்கத்தில் இருக்கும்போது. காரும் வீதியும் அன்று ஒரு குறையும் வைக்கவில்லை. அதன் பிறகு எனக்கும் மாற்றல் வந்து டயகமப் பக்கம் போய்விட்டேன். அக்காவோடு போனில் பேசுவதோடு சரி. இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த ஆஸ்பத்திரி அல்ல, நான் ஸ்டாட்டரோடு வந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அக்கா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். பார்த்தார். எடுக்கவில்லை.

“அதான் ஒன்னு ஓடுதே டீச்சர்.”

“நீங்க தேடுனதுக்கா. பல்லெல்லாம் சரி, வச்சுப் பாருங்க.”

“இருக்கட்டும்” என்று கீரையைத் தொடர்ந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து போய்ச் சுனில் பாஸுக்குப் போன் எடுத்தார். பாஸ் ஒரு ஆளோடு வந்து கியர்பெட்டியை இறக்கினார். வேன் ஸ்டாட்டர் கடித்த இடங்களில் என்ஜினின் பல்வளையம், அக்கா சொன்னபடியே, மழுங்கிப்போயிருந்தது. பாஸ் அதைச் சூடாக்கிக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் போட்டார். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தார். டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடது கையில் பாரம் தூக்கக் கூடாது. ஸ்டாட்டரைத் தானே மாட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, பாஸ் அடியில் தாங்கிப் பிடித்தார். உடம்பைத் திருப்பி, புகைக்குழாயை விட்டு விலக்கி மாட்டினார்கள். நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. அக்கா ஒரு தடவையும் கீழே வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்கில் அவர் ஓட்டியதில்லை. நானும் பாஸும் தடுக்கும் முன்னால் கார் எடுத்துவிட்டது. கராஜை விட்டு வெளியே வந்து, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் திரும்பியது.

அக்கா கீரைக் கையோடு ஓடிவந்தார். “யாரு ஓட்டுறா? பாஸ், நீங்க இங்க நிக்கிறீங்க. யாரு ஓட்டுறா?”

யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. என்ஜின் முக்கி முக்கி ஏறும் சத்தம் வளைவு வளைவாகத் தேயிலைக்குள் மேலே போனது. சூடேற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா பாதை முனையில் நின்றார். இன்னும் மேலே, இன்னும் மேலே. பிறகு சத்தம் நின்றது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று ஈரமாக இருந்தது. மலையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் நிறுத்தினாரா, தானாக நின்றதா, அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. பாஸ் மேலே ஓட இரண்டு அடி வைத்தார். அக்கா மற்றக் கையால் அவரையும் தடுத்தார். காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மேலிருந்து வந்தது. கடிக்கிற சத்தம் இல்லை. ஒரே ஒரு சீரான சுழற்சி, உடனே என்ஜின். சூடான என்ஜின்.

நான் மூச்சு விட்டேன். ஆனால் அண்ணன் கீழே வரவில்லை. திரும்பவும் நிறுத்தினார். திரும்பவும் எடுத்தார். நிறுத்தினார், எடுத்தார். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை போல, மறுபடியும் மறுபடியும்.

அக்காவின் முகம் கோணியது. கீரைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்து, அத்தனை மாதங்களாக நான் கேட்காத குரலில் கத்தினார்:

“பேட்டரிய எறக்கிடாதீங்க! போதும், வாங்க கீழ! அந்தக் கைய வச்சுக்கிட்டு யாரு உங்கள ஓட்டச் சொன்னா?”